நடுவில் ஒன்றும் இல்லாத படங்கள்

ட்ருகனினா, மெல்பர்ன்
9 மார்ச் 2025

அன்புத் தங்கை அஞ்சலைக்கு,

அண்ணன் அருமைநாதன் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். நான் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. இந்தப் பேனாவை என் கைதான் பிடித்திருக்கிறது.

நான் சுகம். மகள் விஷாலினியும் மாப்பிள்ளையும் வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். உன் முட்டிவலி குறைந்ததா? வினுஷா இன்னும் உன்னோடுதான் இருக்கிறாளா?

டார்னெய்ட் நூலகத்தில் வியாழக்கிழமைகளில் தமிழ் எழுத்து வகுப்பு நடக்கிறது. யோகா டீச்சர் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். போன வருஷம் விஷாலினி என்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். டீச்சர் என்னைப் பார்த்து, "அங்கிள், உங்கட பேரப்பிள்ளை எங்க?" என்று கேட்டார். "படிக்க வந்தது நான்தாம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பெரிய கதிரை கொண்டுவந்து போட்டார். நாற்காலியை அவர் கதிரை என்கிறார், இப்போது எனக்கும் அதுவே வருகிறது.

தொலைபேசியில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. மலேசியாவில் தோட்டத்து ஆலையில் ரப்பர் உருட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்ற காது இது. நீ சொல்வதை விஷாலினி கேட்டு என் முகத்துக்கு நேரே கத்துவாள். உன் கடிதங்களை உன் அண்ணி இருந்தவரை அவள் படித்துச் சொன்னாள். அவள் ஊருக்குப் போயிருந்த நாட்களில் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், நம் கிராணி, படித்தார். எல்லாருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் நீ இங்கிலாந்து போனதிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷமும் நமக்கு நடுவில் ஒரு வாய் இருந்தது. இனி வேண்டாம். நீ எழுது, நான் படிக்கிறேன். நான் எழுதுகிறேன், நீ படி. சாவதற்குள் எனக்கு இருந்த ஒரே ஆசை இதுதான்.

என் எழுத்து ஒவ்வொன்றும் வடை அளவு இருக்கிறது. மன்னித்துக்கொள். விஷாலினி வாங்கித் தந்த தடித்த கறுப்புப் பேனாவால் எழுதுகிறேன், ஒரு பக்கத்தில் ஐந்து வரிதான் பிடிக்கிறது. நாலு நாளாக எழுதுகிறேன். இது எத்தனையாவது பக்கம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உன் அண்ணன்,
அருமைநாதன்
(கையெழுத்து. பெருவிரல் ரேகை இல்லை.)


லீட்ஸ்
31 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஞ்சலையின் வணக்கம். முட்டி பரவாயில்லை. வினுஷா என்னோடுதான் இருக்கிறாள். உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?

உறை கனமாக இருந்ததால் நகராட்சிக்காரர்களின் அறிக்கை என்று நினைத்து மேசையில் போட்டுவிட்டேன். மாலையில் பிரித்தேன். கறுப்புக் கறுப்பாக உங்கள் எழுத்து. நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை நானே படித்தேன். யாரையும் கூப்பிடவில்லை அண்ணா. நானே படித்தேன். பிறகு பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வினுஷா வந்து, "என்னம்மா, வீட்டுக்கு வால்பேப்பர் ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.

எழுத்தைச் சின்னதாக்க வேண்டாம். எனக்கு வடை பிடிக்கும்.

நானும் இனிக் கொஞ்சமாக, பெரிதாக எழுதுகிறேன். நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாக இருக்கும்.

அன்புத் தங்கை,
அஞ்சலை


ட்ருகனினா
27 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை அஞ்சலைக்கு,

இரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது. டாக்டர் கேட்டார், என்ன புதிதாகச் செய்கிறீர்கள் என்று. படிக்கிறேன் என்றேன். இங்கே குளிர் காற்று ஆரம்பித்துவிட்டது. பெரிய பெரிய கிடங்குகளுக்கு நடுவில் புகுந்து வந்து எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. நீ தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

ஒரு பெரிய வேலை செய்தேன். வருஷா வருஷம் நீ கோடை விடுமுறைக்குப் போய் எடுத்து அனுப்பிய படங்களை உன் அண்ணி ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தாள் அல்லவா. எல்லாவற்றையும் மெதுவாக உரித்து எடுத்து, பின்பக்கம் நீ எழுதியதைப் படித்தேன்.

அதில் ஒரு அதிசயம். 1981ஆம் வருஷப் படம், மாலம் என்ற ஊரில் உள்ள பெரிய வெள்ளைப் பாறை. அண்ணி எனக்கு அதை எப்படிப் படித்தாள் தெரியுமா? "இந்தப் பாறையைப் பார்த்ததும் அண்ணன் ஞாபகம் வந்தது, அண்ணனும் இப்படித்தான் அசையாமல் நிற்பார்." நான் அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். நேற்றுப் பின்பக்கம் பார்க்கிறேன். "1981. மாலம். பாறை. மழை." பாறையைப் பற்றி அவ்வளவுதான் இருக்கிறது.

இன்னொன்று, செம்மறி ஆடு. "அண்ணன் ஆசையாகச் சாப்பிடுவாரே" என்று நீ எழுதியதாகச் சொன்னாள். பின்பக்கத்தில் "ஆடு. கறுப்பு முகம்."

உன் பேரைச் சொல்லி அந்தப் புண்ணியவதி எனக்கு எவ்வளவு பாசம் ஊட்டியிருக்கிறாள். சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். இரண்டும் நன்றியில்தான்.

ஆனால் அவள் படிக்காமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் நீ ஒரே வரியை எழுதியிருக்கிறாய். "எல்லாம் சரிதானே அண்ணா?" ஆட்டின் கீழே அதுதான், பாறையின் கீழேயும் அதுதான். ஏன் அப்படிக் கேட்டாய்? என்ன சரியா என்று கேட்டாய்?

இன்னொரு குறை. ஐம்பத்தொரு கோடைப் படங்களில் உன் வீட்டுக்காரர் இருக்கிறார், வினுஷா இருக்கிறாள், எத்தனையோ ஆடு இருக்கிறது. நீ ஒன்றில்கூட இல்லை. கேமராவை யார் கையிலும் கொடுக்கமாட்டாயா?

உன் அண்ணன்,
அருமைநாதன்


கிராசிங்டன், யார்க்ஷயர்
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் வினுஷாவும் சுகம். நீங்கள் காற்றில் நிற்காதீர்கள்.

வழக்கம்போல இந்த வருஷமும் ஒரு வாரம் இங்கே வீடு எடுத்திருக்கிறோம். புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. சுண்ணாம்பு, மண் எதுவும் வைக்காமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய சுவர்கள் மலையில் ஏறிப் போகின்றன. எத்தனை வருஷம் பார்த்தாலும் அலுக்கவில்லை. ஐந்து படங்கள் கடையில் அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆற்றைக் கடக்கக் கல் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு வருஷமும் தாண்டுவேன் என்று எழுதுவேனே. இந்த முறை தாண்டவில்லை. தண்ணீர் அதிகம். கரையில் நின்று படம் எடுத்தேன், வினுஷா தாண்டினாள்.

நீங்கள் கேட்ட வரி ஒரு பழக்கம்தான் அண்ணா. சிலர் கடிதத்தின் முடிவில் சுபம் என்று போடுவதில்லையா, அதைப் போல. கேமராவைக் கொடுக்காததும் பழக்கம்தான். வினுஷா எடுத்தால் எல்லாருடைய தலையும் போய்விடும்.

அன்புத் தங்கை,
அஞ்சலை


ட்ருகனினா
6 ஜூலை 2025

அன்புத் தங்கை அஞ்சலைக்கு,

ஐந்து படமும் பத்திரமாக வந்தன. கடிதத்தைப் படிக்க அரை மணி நேரம்தான் ஆனது. ஏப்ரலில் ஒரு பகல் போயிருக்கும். விஷாலினி எனக்குக் காலுறை இரண்டு ஜோடி போடச் சொல்கிறாள், போடுகிறேன். நீயும் போடு.

படங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். அஞ்சலை, தலை போய்விடும் என்று வினுஷாவைச் சொல்கிறாய். நீ எடுத்த ஆட்டுக்கு இந்த முறை பின்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் ஒரு மூலையில். நடுவில் புல். இரண்டாவது படத்தில் கல்வீடு இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது, நடுவில் வானம். ரயில் பாலத்தை ரயில் போன பிறகு எடுத்தாயா? வினுஷா ஆற்றைத் தாண்டுகிற படத்தில் அவளுடைய ஒரு கையும் பையும்தான் இருக்கிறது. தண்ணீர் அதிகம் என்றாய், கல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறதே. ஆடு, வீடு, மகள் எல்லாருக்கும் உன்னைக் கண்டால் வெட்கமா? நான் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

இரண்டு செய்தி சொல்ல வேண்டும்.

ஒன்று. யோகா டீச்சர் என் எழுத்தைப் பார்த்து, "அங்கிள், இப்பிடி எழுதினா ஒரு கடிதத்துக்கு ஒரு மரம் வெட்டவேணும். கொஞ்சம் சின்னனாக்குங்கோ" என்றார். இரட்டைக் கோடு போட்ட நோட்டில் தினமும் எழுதிப் பழகுகிறேன். அடுத்த கடிதம் எல்லாரும் எழுதுவதுபோல் நீலப் பேனாவில், பொடி எழுத்தில் வரும். நீ அசந்து போவாய்.

இரண்டு. நீ போன அன்று விமான நிலையத்தில் ஒட்டிய உறை ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாய். "அண்ணா, இது உங்களுக்கு மட்டும். வேறு யாரிடமும் காட்டாதீர்கள்" என்று சொன்னாய். நான் யாரிடமும் காட்டவில்லை. அண்ணியிடம்கூட. அதனால் அதை இன்னும் யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. தோட்டம் விட்டு ஈப்போவுக்கு வந்தபோதும், இங்கே வந்தபோதும் என் பாஸ்போர்ட்டோடு அது கூடவே வந்தது. உன் அந்தக் காலத்துக் கையெழுத்து கூட்டெழுத்தாக இருக்கும், படிக்க முடியுமோ என்று பயம். இந்த மாதம் பிரிக்கப் போகிறேன்.

உன் அண்ணன்,
அருமைநாதன்


லீட்ஸ்
24 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கிறேன்.

அண்ணா, அதை நீங்கள் படிக்கவே இல்லையா?

அண்ணியை வைத்துப் படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். படித்துவிட்டுத்தான் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஐம்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொன்னது நான்தான். படிக்கத் தெரியாத அண்ணனிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று பத்தொன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.

படித்துவிட்டு எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறேன். எழுத்து பெரிதாகவே இருக்கட்டும்.

அஞ்சலை


ட்ருகனினா
17 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை அஞ்சலைக்கு,

நான் நலமாக இருப்பதற்கு இந்த எழுத்தே சாட்சி. பார்த்தாயா? நீலப் பேனா, பொடி எழுத்து, ஒரு பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி. எழுத்து பெரிதாகவே இருக்கட்டும் என்று நீ சொன்னது உன் நல்ல மனசு. ஆனால் இவ்வளவு முக்கியமான பதிலைப் பிள்ளைகள் எழுதுவதுபோல் எழுத எனக்கு மனம் வரவில்லை. நாலு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவது இது. யோகா டீச்சர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கு அங்கிள்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குக் காட்டவில்லை.

உன் உறையைப் பிரித்தேன். மூன்று நாள் ஆனது படிக்க. நீ எழுதியது உனக்கே மறந்திருக்கும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

"அண்ணா, அண்ணியின் தம்பியைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. அதற்காகத்தான் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டேன். இரண்டு வருஷத்தில் திரும்புவேன் என்று உங்களிடம் சொன்னது பொய். சம்மதத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமலே உங்கள் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்தேன். என்மேல் கோபமா? கோபம் இல்லை என்றால் எப்படியாவது ஒரு வார்த்தை தெரிவியுங்கள்."

இதற்கான பதிலைத்தான் படத்துக்குப் படம் கேட்டாயா? இப்போது சொல்கிறேன்.

அஞ்சலை, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் விரலைப் பிடித்த உன் கை நடுங்கியது தெரிந்தது. இரண்டு வருஷப் படிப்புக்கு யாரும் அப்படி நடுங்கமாட்டார்கள். நீ திரும்பி வரமாட்டாய் என்று எனக்கு அப்போதே தோன்றியது. விரலை நீ வைக்கவில்லை. நீ பிடித்தாய், நான்தான் அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன், மை தாளின் பின்பக்கம்வரை ஊறியது, கிராணி திட்டினார். உனக்கு ஞாபகம் இருக்கும்.

கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

அண்ணியின் தம்பி நல்ல பையன்தான். மாதத்தில் பதினைந்து நாள் வேலைக்குப் போகமாட்டான், மீதிப் பதினைந்து நாள் போய்த் தூங்குவான். அவனுக்கு உன்னைக் கொடுக்க எனக்கும் மனம் இல்லை. வீட்டில் சொல்லத்தான் தைரியம் இல்லை. என் தைரியத்தையும் சேர்த்து நீயே எடுத்துக்கொண்டு போனாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும், நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய்.

அந்த வரியை அண்ணி ஏன் படிக்காமல் விட்டாள் என்றும் இப்போது விளங்குகிறது. அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. படிக்காமல் விட்டதற்கு ஈடாகத்தான் பாசத்தைச் சேர்த்துப் படித்தாள் போலிருக்கிறது.

உடனே பதில் போடு. இப்போது வாசலில் நிற்பது என் முறை.

உன் அண்ணன்,
அருமைநாதன்


லீட்ஸ்
20 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. அழகாக எழுதியிருக்கிறீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மரத்தில் இலை இல்லை. அங்கே வெயில் வந்திருக்கும்.

அன்புடன்,
அஞ்சலை


ட்ருகனினா
9 நவம்பர் 2025

அஞ்சலை,

அண்ணன் சுகம். இங்கே வெயில் வந்துவிட்டது. அதை விடு.

மறுபடி பெரிய எழுத்தில் எழுதுகிறேன். கறுப்புப் பேனா. முன்னைவிடப் பெரிது. ஒரு பக்கத்துக்கு மூன்று வரி.

உன் கடிதம் வந்தது. முதலில் மனம் உடைந்தது. இரண்டு மாதம் காத்திருந்தவனுக்கு இலை இல்லை என்று எழுதுகிறாளே என்று நினைத்தேன். கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு மறுபடி படித்தேன். அந்த வரிகள் எனக்குத் தெரிந்தவை. அவை என்னுடைய வரிகள்.

எழுபத்தைந்து வயதுவரை நான் அப்படித்தான் பேசினேன். யாராவது ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, படித்தாயா என்று அப்புறம் கேட்பார்கள். "கிடைத்தது" என்பேன். "நன்றாக எழுதியிருக்கிறார்கள்" என்பேன். உடனே மழையைப் பற்றிப் பேசுவேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன். கேட்டவர்கள் யாருமே கண்டுபிடித்ததில்லை.

நான் கண்டுபிடிப்பேன் அஞ்சலை. நீ என் கடிதத்தைப் படிக்கவில்லை.

ஜூன் மாதப் படங்களை மேசையில் மறுபடி பரப்பினேன். ஆடு ஓரத்தில். வீடு ஓரத்தில். மகள் ஓரத்தில். ஐந்து படத்திலும் நடுவில் ஒன்றும் இல்லை. போன வருஷப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். அப்போதே ஆரம்பித்திருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். என்னை மன்னித்துவிடு.

உன் கண்ணுக்கு நடுவில் ஒன்றும் தெரியவில்லை. சரியா?

அதனால்தான் வடை எழுத்து பிடிக்கும் என்றாய். அதனால்தான் ஆற்றைத் தாண்டவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாக எழுத்தைச் சின்னதாக்கினேன். ஒவ்வொரு நாளும் பழகிப் பழகி, உன்னிடமிருந்து விலகிப் போனேன்.

நீ கேட்ட பதில் அந்த நீலக் கடிதத்தில் இருக்கிறது. யாரையும் படிக்கச் சொல்லாதே. இதோ மறுபடி எழுதுகிறேன்.

கோபம் இல்லை.

ஒரு நாளும் இல்லை.

விரலை அழுத்தியது நான்.

எல்லாம் சரி.

உன் அண்ணன்,
அருமைநாதன்


லீட்ஸ்
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜன்னலில் வைத்துப் படித்தேன். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் எத்தனை முறை என்று தெரியாது. சாப்பிட்டேன், தூங்கினேன், அதனால் நலம் என்றே எழுதலாம்.

ஓரத்தில் எல்லாம் தெரிகிறது அண்ணா. நேராகப் பார்த்தால்தான் நடுவில் ஒரு சாம்பல் கறை. வயதானவர்களுக்கு வருவது. இரண்டு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை கண்ணில் ஊசி போடுகிறார்கள், இதற்குமேல் போகாமல் இருக்க. முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு ஊசி பயமில்லை. உங்களிடம் சொல்லத்தான் பயம். நீங்கள் படிக்கக் கற்றுக்கொண்ட வருஷத்தில் எனக்குப் படிக்க முடியவில்லை என்று எப்படி எழுதுவது? பேனாவைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

நீலக் கடிதத்தை இரண்டு மாதம் வைத்திருந்தேன். பூதக்கண்ணாடி வைத்தேன். ஒரு சொல் தெரிந்தால் அடுத்தது ஓடிவிடும். "கோபம்" என்ற சொல் மட்டும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வினுஷா தன் போனைக் காட்டினால் அது வாசித்துச் சொல்லும் என்றாள். கோயிலில் யாரையாவது கேட்கலாம் என்றாள். இனி நடுவில் ஒரு வாய் வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதினீர்களே. அதை மீற மனம் வரவில்லை. அண்ணன் மட்டும்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா?

விரலை அழுத்தியது நான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மை தாளின் பின்பக்கம்வரை ஊறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிராணி திட்டியதும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் நன்றாக அழுத்தினீர்கள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. தோன்றியதை நம்பத் தைரியம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. வினுஷா என்னை மாலத்துக்கு அழைத்துப் போனாள். நான் கேமராவை அவள் கையில் கொடுத்தேன். "நிஜமாவாம்மா?" என்றாள். ஒரு படம் வைத்திருக்கிறேன். எப்படி வந்திருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புத் தங்கை,
அஞ்சலை


ட்ருகனினா
21 டிசம்பர் 2025

அன்புத் தங்கை அஞ்சலைக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. ஊசிக்கு ஒரு மாதமும் தவறாதே.

யோகா டீச்சரிடம் சொன்னேன். "நான்தான் பிழை விட்டிட்டன் அங்கிள்" என்று வருத்தப்பட்டார். இல்லை என்றேன். அவர் இல்லாவிட்டால் உன் உறையைப் பிரித்திருக்க மாட்டேன். படம் வரையும் பெரிய தாள்கட்டு ஒன்று கொடுத்தார். இது அதில் எழுதுவது.

நான் எப்படிப் பேனாவைக் கீழே வைப்பேன்? பெரிதாக எழுத எனக்குத்தான் நன்றாக வரும். ஐம்பது வருஷம் உன் கடிதத்தை எனக்கு யாரோ படித்தார்கள். என் கடிதத்தை நீயே படி. அதற்கு எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அவ்வளவு பெரிதாக எழுதுகிறேன். ஒரு தாளுக்கு ஒரு சொல் போதும் என்றால் அதுவும் சரி. எனக்கு நேரம் இருக்கிறது.

படம் வந்தது. சொல்கிறேன், கேள்.

பின்னால் அந்தப் பெரிய பாறை. இரண்டு பக்கமும் கல் சுவர். நீலக் குளிர்ச்சட்டை. தலையில் துணி, நான் சொன்னதுபோலவே. தலை போகவில்லை. முழுதாக இருக்கிறது. அம்மாவின் சிரிப்பு.

நடுவில் நீ நிற்கிறாய்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கேள்வியும் இல்லை. அதனால் உன் வழக்கப்படி நானே எழுதி, ஆல்பத்தில் வைத்துவிட்டேன்.

"2025. மாலம். பாறை. என் தங்கை. வெயில்."

உன் அண்ணன்,
அருமைநாதன்